பெரிய ரயரும் அன்றாடப் பயணமும்

கல்லும் பள்ளமும் நிறைந்த மலைத்தடத்தில் சிறு சக்கரம் சிக்கி நிற்கும் இடத்தைப் பெருஞ்சக்கரம் உருண்டு கடந்துவிடும். இதனைக் கண்டவர்கள் தம் வண்டிக்கும் பெரிய ரயர் பூட்ட விரும்புவது இயல்பே. ஆயின், அதே வண்டி வாரத்தில் ஐந்து நாட்கள் அலுவலகத்துக்கும் பாடசாலைக்கும் கடைக்கும் சென்றுவரும் வண்டியாகவும் இருந்தால் கேள்வி வேறாகிவிடுகிறது. அப்போது, எவ்வளவு பெரிய ரயர் வண்டிக்குள் பொருந்தும் என்று கேட்பது போதாது. எவ்வளவு பெருக்கினால் எதை இழக்க நேரும் என்றே கேட்கவேண்டும்.

அமெரிக்காவில் இக்கேள்வி நாள்தோறும் எழுகின்றது. கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரை எடுத்துக்கொள்ளலாம். கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் அமைந்த அந்நகரின் மேற்கே றொக்கி மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. வார நாட்களில் நெடுஞ்சாலையில் ஓடும் பிக்கப் வண்டிகள், வார இறுதியில் பழைய சுரங்கப் பாதைகளை நோக்கி ஏறுகின்றன. அத்தகைய வண்டிகளுள் பெயர் பெற்றது ரொயோட்டா நிறுவனத்தின் ரக்கோமா. 2016 முதல் 2023 வரையான அதன் மூன்றாந் தலைமுறையில், கரடுமுரடான தடங்களுக்கென விற்கப்பட்ட வகை 265/70 ஆர் 16 என்னும் அளவுள்ள ரயருடன் வந்தது. அதனைக் கழற்றி 285/75 ஆர் 16 பூட்டுவது பலர் செய்யும் மாற்றமாகும்.

இவ்வெண்களின் பொருளை முதலில் அறிதல் வேண்டும். முதல் எண் ரயரின் அகலம், மில்லிமீற்றரில் தரப்படுவது. இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பது. கடைசி எண் றிம்மின் விட்டம்; இது மட்டும் அங்குலக் கணக்கு. ஒரே வரியில் இரண்டு அளவைமுறைகள் கலந்திருப்பது விந்தையே. எனினும் உலகெங்கும் அப்படித்தான் அச்சிடப்படுகிறது. இக்கணக்கின்படி பழைய ரயரின் விட்டம் 777 மில்லிமீற்றர். புதியதன் விட்டம் 834 மில்லிமீற்றர். கடைக்காரர் இதனை 33 அங்குல ரயர் என்பார். உண்மையில் அது 33 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு.

கிடைக்கும் இலாபம் யாது? விட்டம் 57 மில்லிமீற்றர் கூடிய போதிலும், தரைக்கும் அச்சுக்கும் இடையிலான வெளி அதில் பாதியளவே கூடும். ஏனெனில் அச்சு சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. அதாவது 28 மில்லிமீற்றர், ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். இந்த ஓர் அங்குலத்தை இகழ்ந்துவிடவும் முடியாது. ரக்கோமாவின் பின்னச்சு ஒரே துண்டாக அமைந்தது. அதன் நடுவே தொங்கும் டிபரென்சியல் பெட்டியே கல்லில் முதலில் மோதுவது. வில்களை உயர்த்துவதால் வண்டியின் உடல் உயருமேயன்றி அந்தப் பெட்டி ஒரு மயிரிழையும் உயராது. அதனை உயர்த்த வல்லது பெரிய ரயர் ஒன்றே. பெரிய ரயருக்கு ஆதரவான வாதங்களுள் வலிமை மிக்கது இதுதான்.

இனி இழப்புக்குச் செல்லலாம். சக்கரம் பெருத்தால் ஒரு சுற்றில் கடக்கும் தூரமும் பெருகும். மேற்சொன்ன மாற்றத்தில் அது நூற்றுக்கு 7 வீதத்துக்கு மேல். வேகமானியோ பழைய ரயரையே மனத்திற் கொண்டு சுற்றுக்களை எண்ணுகிறது. ஆகவே முள் 75 மைல் என்று காட்டும்போது வண்டி 80 மைலில் ஓடிக்கொண்டிருக்கும். இதை வெறும் எண் பிழையெனக் கொள்ளலாகாது. ஓடும் வண்டியின் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவது. எனவே தாம் 75இல் செல்வதாக நம்பும் சாரதிக்கு வண்டியை நிறுத்தத் தேவைப்படும் தூரம் அவர் எண்ணியதிலும் ஏறத்தாழ 15 வீதம் கூடிவிடுகிறது. முன்னே செல்லும் வண்டியில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. தூரமானியும் இவ்வாறே குறைத்துக் காட்டும். அது 300 மைல் என்றால் வண்டி ஓடியது 322. எரிபொருள் கணக்குப் பார்ப்போர் இதைத் திருத்தாமல், ரயர் செய்த கெடுதலுக்கு மேலும் அதன்மீது பழி சுமத்துவதுண்டு.

பிறேக்கின் நிலையும் மாறுகிறது. பிறேக் தட்டு பழைய அளவிலேயே இருக்க, தரையைத் தொடும் விளிம்பு அச்சிலிருந்து தள்ளிப்போய்விட்டது. அதே அழுத்தத்துடன் மிதித்தால் தரையில் செயற்படும் விசை 7 வீதம் குறையும். பாரமும் உண்டு. இந்த அளவில் வரும் தடித்த ரயர்களுட் பல 50 இறாத்தலைத் தாண்டுவன. சுழலும் பொருளின் விளிம்பில் உள்ள பாரம், வேகம் எடுக்கும்போதும் நிறுத்தும்போதும் வண்டியின் உள்ளே வைத்த பாரத்தைப் போல் ஏறக்குறைய இரு மடங்காகக் கணக்கில் வரும்.

கியர் விகிதமும் இதனுடன் சேர்ந்தது. ஆறு சிலிண்டர் எஞ்சினும் தன்னியக்கக் கியரும் கொண்ட ரக்கோமாவின் பின்னச்சு விகிதம் 3.91. பெரிய ரயருடன் அது சுமார் 3.65 போலச் செயற்படும். டென்வரிலிருந்து மேற்கே செல்லும் 70ஆம் இலக்க நெடுஞ்சாலை, 1973இல் திறக்கப்பட்ட ஐசன்ஹவர் சுரங்கத்தை 11,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் கடக்கிறது. காற்று மெலிந்த அந்த உயரத்தில் இயல்பாகக் காற்றை இழுக்கும் எஞ்சின் தன் வலிமையில் மூன்றிலொரு பங்கை இழந்துவிடும். அதன்மேல் கியரும் நெடிதானால், கியர்ப்பெட்டி மேலும் கீழும் மாறி மாறி அலையும். அச்சின் பற்சக்கரங்களை மாற்றினால் குறை தீரும். ஆனால் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில் முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் மாற்றியாகவேண்டும். அச்செலவு ரயர்களின் விலையையே எட்டிவிடக்கூடும்.

சக்கரம் உரசுவது வேறொரு தொல்லை. சமதரையில் நிற்கும் வண்டியில் பொருந்திய ரயர், சுக்கானை முழுவதும் திருப்பி வில் அமுங்கும்போது மட்காட்டின் உட்புறத்தில் தேயும். ரக்கோமாவில், சாரதியின் அறையைச் சட்டத்துடன் இணைக்கும் இரும்புத் தாங்கியிலும் முட்டும். அதனை வெட்டி மீண்டும் ஒட்டுவிப்போர் பலர். ஓர் அங்குலத்துக்காக வண்டியின் சட்டத்தில் கைவைக்கும் இடம் வந்ததும் சற்று நின்று சிந்திப்பதே நன்று. சக்கரத்தை வெளியே தள்ளும் றிம் பூட்டினால் பிரச்சினை தீரும் என்பர்; பெரும்பாலும் உரசும் இடம் மாறுவதல்லால் தீருவதில்லை.

ரயரின் முகத்தில் வெட்டப்பட்ட கட்டைகளின் அமைப்பு, அளவைக் காட்டிலும் முக்கியமானது என்று துணிந்து கூறலாம். சேற்றுக்கென அமைந்த ரயரில் கட்டைகள் பெரியன, இடைவெளிகள் அகன்றவை, சேற்றை அள்ளி வீசிவிட்டுத் திரும்பக் கவ்வும். அதே ரயர் நனைந்த தார்வீதியிலும் பனிக்கட்டியிலும் கவ்வுவதற்குப் போதிய விளிம்புகளற்று வழுக்கும். நெடுஞ்சாலையில் இரைச்சலும் இடும். எல்லாத் தரைக்குமான வகையில் கட்டைகள் நெருக்கமானவை. அவற்றில் நுண்ணிய கீறல்கள் நிறைந்திருக்கும். பக்கச்சுவரில் மூன்று சிகரமுடைய மலையும் அதனுள் பனிச்செதிலும் பொறிக்கப்பட்டிருந்தால், அது பனியில் இழுவைக்கான பரிசோதனையில் தேறியது என்று பொருள். வாரத்தில் ஆறு நாட்கள் தார்வீதியில் ஓடும் வண்டிக்குச் சேற்று ரயர் பூட்டுவது, பெரும்பாலும், தோற்றத்துக்காகச் செய்யும் செலவே.

பெரிய ரயரால் கிடைக்கும் என்று எதிர்பார்க்கப்படும் பயனில் நல்ல பங்கு, செலவின்றியே கிடைக்கக்கூடியது. வழி, காற்றைக் குறைப்பது. 1920களின் பிற்பகுதியில் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தை போர்ட் மோட்டார் வண்டிகளிற் கடக்க முயன்ற றால்ப் பாக்னோல்ட் என்னும் ஆங்கிலேயப் படையதிகாரியும் அவர் தோழர்களும், ரயரின் காற்றைக் குறைத்தால் மென்மணலிலும் வண்டி புதையாது ஓடுவதைக் கண்டு கையாண்டனர். காற்றுக் குறைந்த ரயர் நீளவாட்டில் தரையில் படிகிறது. பாரம் பரந்து இறங்குகிறது. கூரான கல்லின்மேல் வெடிக்காமல் அதனைச் சுற்றி மடிந்துகொள்கிறது. வீதியில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 30 இறாத்தல் வைத்திருந்த வண்டியில், கற்றடத்துக்கு 18 அல்லது 20 ஆகக் குறைத்துப் பார்த்தவர்கள், தங்கள் பழைய ரயரே புதிதாகிவிட்டதென்று வியப்பதுண்டு. எனினும், குறைந்த காற்றுடன் நெடுஞ்சாலையில் விரைவது பேராபத்து. பக்கச்சுவர் ஓயாது மடிந்து சூடேறிக் கிழிந்துவிடும். ஆதலின் காற்றடிக்கும் சிறு பொறி ஒன்று வண்டியில் இருத்தல் இன்றியமையாதது. ரயர் வாங்குமுன் அதை வாங்குவது அறிவுடைமை.

பருமனைப் பற்றிப் பேசும்போது ஐஸ்லாந்து நாட்டைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அங்கே 38 அங்குலமும் அதற்கு மேலுமான ரயர்களுடன் வண்டிகள் பனியாறுகளின்மேல் ஏறுவது உண்மையே. ஆனால் அவை ஆழ்ந்த பனியின்மேல் மிதப்பதற்காக, மிகக் குறைந்த காற்றுடன் ஓட்டப்படுபவை. அவற்றுக்கேற்ப அச்சும் கியரும் உடலும் திருத்தப்பட்டிருக்கும். கல் தடத்துக்கு அவை இலக்கணம் ஆகா.

அகலம் கூடினால் எல்லாம் கூடும் என்பதும் அப்படியே. 255/85 ஆர் 16 என்னும் ஒடுங்கிய ரயரின் உயரம் 840 மில்லிமீற்றர். 285/75க்குச் சற்றும் குறைந்ததன்று. அது குறைவாக உரசும். ஆழமற்ற சேற்றை அறுத்துக்கொண்டு கீழுள்ள உறுதியான தரையைத் தொடும். மணலில் மட்டும் அகன்றது வெல்லும்.

ரயரின் பாரந்தாங்கும் திறனைக் குறிக்கும் எழுத்தும் ஒன்றுண்டு. பாரம் இழுப்போருக்கு ஈ என்னும் தரம் பொருத்தம். தினம் வெறுமையாக ஓடும் வண்டிக்கு அது விறைப்பானது. பள்ளத்தில் விழும்போதெல்லாம் முதுகெலும்பு அதை உணரும். கிடைக்குமாயின் சீ என்னும் தரம் போதும்.

இவையனைத்தையும் நிறுத்துப் பார்த்தால், அன்றாட வண்டிக்கு 265/75 ஆர் 16 என்னும் இடைப்பட்ட அளவே பெரும்பாலார்க்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. விட்டம் 804 மில்லிமீற்றர்; அச்சின் உயரம் 13 மில்லிமீற்றர் கூடும்; வேகமானியின் பிழை 3½ வீதத்துக்குள் அடங்கும். பற்சக்கரத்தை மாற்றவேண்டியதில்லை, தாங்கியை வெட்டவேண்டியதில்லை. அதிலும் உயரம் வேண்டுவோர், தாம் செல்லும் தடத்தில் டிபரென்சியல் பெட்டி உண்மையாகவே கல்லில் அடிபட்ட அடையாளம் உண்டா என்று வண்டியின் கீழே குனிந்து பார்க்கட்டும். அடையாளம் இருப்பின் 285க்குச் செல்வதில் நியாயம் உண்டு.

எதை வாங்கினாலும் ஐந்தாக வாங்குதல் வேண்டும். மேலதிகச் சக்கரம் சிறியதாக இருந்தால், ஒரே அச்சில் இரு விட்டங்கள் சுழன்று டிபரென்சியலைத் தேய்க்கும். புதிய ரயர் வண்டியின் அடியில் மேலதிகச் சக்கரத்துக்குரிய இடத்தில் அடங்குமா என்பதையும் முன்னரே அளந்துகொள்ளவேண்டும். காற்றின் அளவைத் தீர்மானிக்கச் சோக்கட்டி போதும்: ரயரின் முகத்தில் குறுக்கே ஒரு கோடிட்டுச் சமதரையில் சிறிது தூரம் ஓட்டினால், நடுவில் மட்டும் அழிவது காற்று மிகுதியையும், ஓரங்களில் மட்டும் அழிவது குறைவையும் காட்டும். முதல் 100 மைலுக்குள் சக்கர நட்டுக்களை மீண்டும் முறுக்கிப் பார்த்து, செய்மதி வழிகாட்டிக் கருவியுடன் வேகமானியை ஒப்பிட்டு, வேறுபாட்டை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி முள்ளின் அருகே ஒட்டிவைப்பது வழக்கம். வீட்டில் வேறொருவரும் அவ்வண்டியை ஓட்டுவதாயின் அந்தக் கடதாசி அவருக்கே முதலில் வேண்டியது.