வாலுக்கடியில் வெள்ளரி விதை

நாயின் வயிற்றில் குடியிருக்கும் நாடாப்புழுக்களில் கண்ணுக்குத் தெரிவது சாது. தெரியாததுதான் ஆபத்து.

விடிவதற்குள் கம்பத்திலிருந்து கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளை ஆனைக்கரையில் முதலில் வரவேற்பவை நாய்கள்தாம். இடுக்கி மாவட்டத்தின் குமுளி-மூணாறு சாலையில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர் இது. (பாலக்காட்டிலும் ஓர் ஆனைக்கரை உண்டு, அது வேறு.) தோட்டக் காவலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, இறைச்சிக் கடை வாசலில் நாலைந்து.

நாய் என்றாலே வெறிநோய்தான் நினைவுக்கு வருகிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தெருநாய்கள் சுமார் 2.9 லட்சம், தமிழகத்தில் 4.4 லட்சம். அவற்றின் குடலுக்குள் என்ன இருக்கிறது என்று கவலைப்படுவோர் குறைவு.

வளர்ப்பவர்கள் வழக்கமாகப் பார்ப்பது டிபிலிடியம் என்ற இனத்தை. ஆசனவாய் ஓரத்திலும் படுக்கும் சாக்கிலும் வெள்ளரி விதை அளவில் வெள்ளைத் துண்டுகள் நெளியும். காய்ந்தால் மஞ்சளாகிச் சோற்றுப் பருக்கைபோல ஒட்டிக்கொள்ளும். நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்தபடி நகரும். ஆனால் ஆசனச் சுரப்பி அடைத்திருந்தாலும் தேய்க்கும். அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

ஆய்வகமும் ஏமாறும். புழுவின் கணுக்கள் முழுசாகக் கழன்று விழுவதால் மலத்தில் முட்டைகள் பரவுவதில்லை. பரிசோதனையில் 'புழு இல்லை' என்று முடிவு வரலாம். உதிர்ந்த துண்டையே ஒரு சொட்டு நீரில் நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பைபையாக முட்டைகள் தெரியும். டாக்டரிடம் போகும்போது அந்தத் துண்டைச் சின்ன பாட்டிலில் போட்டு எடுத்துப்போவது பாதி வேலையை முடித்துவிடும்.

இந்தப் புழுவைச் சுமப்பது தெள்ளுப்பூச்சி. கடிக்கும் பூச்சியை நாய் மென்று விழுங்க, மூன்றே வாரத்தில் புதுப்புழு தயார். பூச்சியை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. மாத்திரையிலும் குழப்பம் உண்டு. உருண்டைப்புழுவுக்கான பைப்பரசின் நாடாப்புழுவைத் தொடாது; வேண்டியது பிராசிகுவான்டல். அது கொன்ற புழு குடலிலேயே கரைந்துபோவதால் வெளியே எதுவும் வராது. 'மருந்து வேலை செய்யவில்லை' என்று பலர் நினைப்பது இதனால்தான்.

உண்மையான வில்லன் எக்கினோகாக்கஸ். நீளம் 2 முதல் 7 மில்லிமீட்டர். நாய்க்கு ஒரு தொந்தரவும் இராது. முட்டையை மற்ற டீனியா இனங்களின் முட்டையிலிருந்து மைக்ராஸ்கோப்பால் பிரித்தறிய முடியாது. மலத்தில் புழுவின் புரதத்தைத் தேடும் எலைசா சோதனையோ மரபணுச் சோதனையோ தேவை. அந்த முட்டை மனிதன் வாய்க்குள் போனால் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி, ஆண்டுக்கணக்கில், சத்தமின்றி வளரும்.

நாய்க்கு இது வருவது கட்டியுள்ள ஆடு, மாடுகளின் ஈரல், நுரையீரலைத் தின்பதால். 1863-ல் ஐஸ்லாந்தில் 100 நாய்களை அறுத்துப் பார்த்த டேனிஷ் ஆய்வாளர் ஹரால்ட் கிராபே 28-ல் இப்புழுவைக் கண்டார். அவர் எழுதிய சிறு புத்தகம் வீடுவீடாகப் போனது. 1869-ல் சட்டமும் வந்தது. இன்று அங்கே அந்த நோய் இல்லை. நம் ஊர்களிலோ கடைக்காரர் வீசும் ஈரல் துண்டுக்காக நாய்கள் இன்னும் காத்திருக்கின்றன.

ஆபத்துள்ள இடங்களில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மருந்து என்பது கணக்கு. குடலில் புழு முட்டையிடத் தொடங்க ஏறக்குறைய அவ்வளவு காலமாகும். மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. எனவே மாத்திரை கொடுத்த இரண்டு நாள் நாயைக் கட்டிவைத்து, மலத்தை எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும்.