தூத்துக்குடியில் தங்கி மூன்று நாள்

ஊருக்கு ஊர் மூட்டை சுமந்து, இரவுதோறும் விடுதி தேடுவது மாணவர்களாகிய நம் கைப்பணத்திற்கு ஒத்துவராது. ஒரே ஊரில் தங்கி, காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புவதே சிக்கனம். கடற்கரையைக் காண விரும்புவோர்க்கு அதற்கேற்ற ஊர் தூத்துக்குடி. விடுமுறையில் நண்பருடன் சென்று இதை அறிந்தேன்.

முதல் நாள் நகருக்கே சரியாகும். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கிய துறைமுகம், 1713இல் அர்ச்சிக்கப்பட்ட பனிமய மாதா ஆலயம், வெண்மை குவிந்த உப்பளங்கள் ஆகியவற்றைக் காணலாம்.

இரண்டாம் நாள் தெற்கே செல்லலாம். சுமார் 40 கிலோமீட்டரில் திருச்செந்தூர். கடலருகே நாழிக்கிணற்றில் நல்ல நீர் ஊறுகிறது. மணலில் இறங்கும் மழைநீர், தன்னிலும் அடர்த்தி மிகுந்த உப்புநீரின்மேல் தங்குவதால் கடலோரத்திலும் இவ்வாறு நன்னீர் கிடைக்கும். அப்பால் மணப்பாடு, மணற்குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம். திரும்பும் பேருந்தின் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்காமல் இருட்டில் வெகுநேரம் காத்திருந்தோம்.

மூன்றாம் நாள் கொற்கை. பாண்டியரின் முத்துத்துறையில் கடலைத் தேடினேன், வயல்களே இருந்தன. தாமிரபரணியின் வண்டல் படியப் படியக் கடல் பல கிலோமீட்டர் விலகிவிட்டது. வாணிகம் காயலுக்குப் போயிற்று. அதுவும் தூர்ந்தபின் தூத்துக்குடி தலையெடுத்தது. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

வண்டலைப் பற்றிப் பாடத்தில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். அது ஒரு துறைமுகத்தையே மூடும் என்பது அவ்வரப்பில் நின்றபோதுதான் புரிந்தது. நண்பர்களே, நீங்களும் ஒருமுறை சென்று வாருங்கள். கொற்கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.