ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, இனி?

“அடைப்பை எடுத்தாச்சு, இனி பயமில்லை.” மதுரையில் ஆஞ்சியோபிளாஸ்டி முடித்து ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் திரும்புகிறவர்களின் வீடுகளில் கேட்கும் பேச்சு இது. பாதிதான் உண்மை. 1977-ல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் தொடங்கிவைத்த இந்தச் சிகிச்சை, சுருங்கிய ரத்தக்குழாயைப் பலூனால் விரிக்கிறது. ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் அதைத் திறந்து வைக்கிறது. ஆனால் அடைப்புக்கு வழிவிட்ட சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் புகைப்பழக்கமும் தாமாகப் போய்விடுவதில்லை.

முதல் வாரம்

மணிக்கட்டு வழியாகச் செய்திருந்தால், அந்தக் கையால் தண்ணீர்க் குடமோ நூல் மூட்டையோ தூக்கக் கூடாது. தொடை வழியாக என்றால் மாடிப்படி ஏறுவதையும் குறைக்க வேண்டும். லேசாகக் கன்றியிருப்பது இயல்பு. ரத்தம் கசிந்தால் அந்த இடத்தை அழுத்திப் பிடியுங்கள்; நிற்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்

ஆஸ்பிரினும் குளோபிடோக்ரல் போன்ற இன்னொரு மாத்திரையும் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமல் காக்கின்றன. பெரும்பாலும் 6 மாதம் முதல் ஓராண்டு வரை இரண்டும் தேவை. பிறகு ஒன்று தொடரும். பல் பிடுங்குவதற்காகக்கூட இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்ட் திடீரென அடைத்துக்கொள்ளலாம். மில்லில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள், ஷிப்ட் மாறினாலும் மாத்திரை நேரம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாப்பாடும் நடையும்

நலம் விசாரிக்க வருபவர்கள் அன்போடு பால்கோவா வாங்கி வருவார்கள். பால் சுண்டும்போது அதிலுள்ள கொழுப்பும் செறிந்துவிடுகிறது, சர்க்கரை வேறு. அவர்கள் பழம் வாங்கி வரலாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றிலும் உப்பு அதிகம்.

முதலில் தெருவுக்குள் 5 நிமிடம் நடங்கள். மருத்துவர் சொன்னபடி சிறிது சிறிதாகக் கூட்டி 30 நிமிடத்துக்கு வாருங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். ஆடிப்பூரத் தேரின் வடம் பிடிக்க ஆசை வரும். மருத்துவர் சம்மதிக்கும்வரை வீதி ஓரம் நின்று தரிசியுங்கள்.

மீண்டும் நெஞ்சு வலித்தால்

நெஞ்சில் அழுத்தம், கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை ஆகியவற்றை வாயு என்று நினைத்துச் சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். நீங்களே வண்டி ஓட்டிச் செல்லாமல் 108-ஐ அழையுங்கள். இங்கிருந்து மதுரை 70 கிலோமீட்டருக்கு மேல்; முதல் சிகிச்சைக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், உயிர் காக்கும் முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தருகிறார்கள். ஸ்டென்ட் வைத்திருப்பதை அங்கே முதலில் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டும் மாத்திரைச் சீட்டும் எங்கே இருக்கின்றன என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.