ரிஜிஸ்டர்களைக் காப்பது: அன்றும் இன்றும்

ஒரே ப்ராசஸரில் பல வெர்ச்சுவல் மெஷின்கள் மாறி மாறி ஓடுகின்றன. ஒன்று இறங்கி இன்னொன்று ஏறும்போது, முன்னது விட்டுச்சென்ற ரிஜிஸ்டர் மதிப்புகளைப் பத்திரப்படுத்த வேண்டியது ஹைப்பர்வைசரின் பொறுப்பு. 2005இல் வந்த இன்டெல் விடி-எக்ஸ் இதில் ஒரு பகுதியை மட்டும் ஏற்றுக்கொண்டது. பொது ரிஜிஸ்டர்களும் ஃப்ளோட்டிங் பாயின்ட் ரிஜிஸ்டர்களும் நிரலாளர் தலையிலேயே விழுந்தன.

2007இல் லினக்ஸில் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் சேர்ந்தபோது, ஃப்ளோட்டிங் பாயின்ட் நிலையைச் சேமிக்க 512 பைட் போதுமானதாக இருந்தது. அதையும் தள்ளிப்போடுவதுதான் கெட்டிக்காரத்தனமாக இருந்தது. சிஆர்0 ரிஜிஸ்டரில் டிஎஸ் என்ற பிட்டை 1 ஆக்கிவிட்டு, பழைய மதிப்புகளை அப்படியே விட்டுவிடுவார்கள். புதிதாக ஏறியவர் தசமக் கணக்கைத் தொட்டால் 7ஆம் எண் எக்ஸெப்ஷன் எழும். அப்போதுதான் பழையதைச் சேமித்துப் புதியதை ஏற்றுவார்கள். தொடாவிட்டால் அந்த வேலையே மிச்சம்.

அந்தச் சிக்கனம் மெல்லச் செல்லாக்காசானது. நினைவகத்தில் நகலெடுக்கும் சாதாரண ஃபங்ஷன்கூட, அதே நிலையில் அடங்கும் எஸ்எஸ்இ ரிஜிஸ்டர்களைப் பயன்படுத்தத் தொடங்கியதும், எக்ஸெப்ஷன் எழுவதே வாடிக்கையாகி, மிச்சத்தைவிடச் செலவு கூடியது. 2016இல் லினக்ஸ் கெர்னல் உடனுக்குடன் மாற்றும் முறையையே இயல்பாக்கியது. கேவிஎம்மும் பின்தொடர்ந்தது.

வேகத்துக்காகச் செய்த அந்த மாற்றம் எவ்வளவு பெரிய காப்பு என்பது 2018 ஜூனில்தான் விளங்கியது. இன்டெல் கோர் ப்ராசஸர்கள் அந்த எக்ஸெப்ஷன் எழுவதற்கு முன்பே ஊக அடிப்படையில் அடுத்த கட்டளைகளை ஓட்டிவிடுகின்றன. அப்போது பழையவரின் மதிப்புகள் கசிய வழியுண்டு. ஏஇஎஸ் குறியாக்கச் சாவிகள் தங்குவதும் இதே ரிஜிஸ்டர்களில்தான்! பக்கத்து மெஷினின் ரகசியத்தைப் பணயம் வைத்துச் சில சுழற்சிகளை மிச்சப்படுத்துவதை என்னால் ஏற்கவே முடியாது.

சேமிக்க வேண்டியதும் இன்று பெருத்துவிட்டது. ஏவிஎக்ஸ்-512 இருந்தால் இரண்டரை கிலோபைட்டைத் தாண்டும். ஏஎம்எக்ஸின் டைல் தரவு மட்டுமே 8 கிலோபைட். அதனால் லினக்ஸில் ஏஎம்எக்ஸைப் பயன்படுத்த விரும்பும் நிரல் முதலில் கெர்னலிடம் அனுமதி கேட்க வேண்டும். பொது ரிஜிஸ்டர்களிலும் கெடுபிடி கூடியிருக்கிறது. மெஷின் வெளியேறியதும் மதிப்புகளைச் சேமிப்பதோடு கேவிஎம் நிற்பதில்லை. அசெம்பிளியில் வரிசையாக எக்ஸார் கட்டளைகளைப் போட்டு, அவற்றைப் பூஜ்ஜியமாக்கிய பிறகே சி நிரலுக்குத் திரும்புகிறது.