காலம் காட்டும் வினையும் காட்டாத வினையும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் காலை வேளையில் தமிழர் இருவர் எதிர்ப்பட்டால், "பசியாறிட்டீங்களா?" என்பதே பெரும்பாலும் முதற்சொல். மலாய்க்காரர் இருவராயின் "சுடா மாக்கான்?" என்பர். இரண்டு வினாக்களும் நாடும் செய்தி ஒன்றே: உண்ணும் செயல் முடிந்ததா, இல்லையா? ஆயினும் அம்முடிவை இரு மொழிகளும் தாங்கும் இடம் வேறு வேறு.

தமிழ் வினைமுற்று காலத்தைத் தன் உடலுக்குள்ளேயே சுமக்கிறது. செய்தான், செய்கிறான், செய்வான் என்பவற்றில் பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நிற்கும் சிறு ஒலியே இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று பிரித்துக் காட்டுகிறது. மலாய் வினையோ உருத் திரிவதில்லை. 'டியா மாக்கான்' என்றால் அவன் உண்டான் எனலாம், உண்கிறான் எனலாம், உண்பான் எனவும் கொள்ளலாம். முன்னே 'செமாலாம்' வந்தால் நேற்று. 'ஏசோக்' வந்தால் நாளை.

இதைக் கொண்டு மலாயால் காலத்தை உணர்த்த இயலாது என்பார் உளர். அது பெரும்பிழை. சுடா, தெலா, செடாங், ஆக்கான், பெலும் முதலிய துணைச்சொற்கள் அம்மொழியில் நுட்பமாகப் பணிபுரிகின்றன. 'தாத்தாபஹாசா டேவான்' என்னும் மலாய் இலக்கண நூல் இவற்றைச் செயலின் நிலை உணர்த்தும் சொற்களாக வகைப்படுத்துகிறது. பேசும் நொடிக்கு முன்னா பின்னா என்று சுட்டுவது காலம். செயல் முற்றியதா, நடந்துகொண்டிருக்கிறதா, தொடங்கவே இல்லையா என்று சுட்டுவது நிலை. நாளை இந்நேரம் அவன் வந்துவிடுவான் என்பதற்கும் மலாயில், செயல் முடிந்ததைக் காட்டும் 'சுடா' பொருந்தும். அது இறந்தகாலக் குறியாயின் நாளையோடு சேருமா? அவ்விடத்தில் நாம் ஆளும் 'விடு' என்னும் துணைவினையும் நிலை உணர்த்துவதே. ஆகவே தமிழில் இரண்டும் உள்ளன. மலாய் ஒன்றைக் கொண்டே இரண்டின் பணியையும் முடித்துக்கொள்கிறது.

தமிழின் மூன்று காலங்களும் பள்ளிப் பாடநூலின் கட்டங்களுக்குள் அடங்கி நிற்பனவும் அல்ல. சாலாக் செலாத்தான் நிலையத்தில் தொடர்வண்டிக்குக் காத்திருப்பவர், கிள்ளானில் காத்திருக்கும் தம்பியிடம் கைப்பேசியில் "இதோ வந்துட்டேன்" என்கிறார். வண்டியே வரவில்லை, வினை மட்டும் இறந்தகாலத்தில் வந்து சேர்ந்துவிட்டது! இதனைப் பொய் என்றோ வழு என்றோ யாரும் கொள்வதில்லை. விரைவு தோன்றுமிடத்தில் வாராத செயலை வந்ததுபோல் கூறலாம் எனத் தொல்காப்பியர் வினையியலில் விதி வகுத்தார். பவணந்தியார் நன்னூலில் விரைவோடு மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றையும் சேர்த்து, முக்காலமும் இடமறிந்து மயங்கும் என்றார். வீட்டை விட்டுப் புறப்படும்போது "போய் வருகிறேன்" என்று நிகழ்காலத்தில் விடைபெறுவதும் இம்மயக்கமே.

எல்லாவற்றினும் வியப்பூட்டுவது முதியோர் நினைவுகூரும் பேச்சு. ரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்த ஒருவர், "அப்பல்லாம் கரிவண்டி வரும், சங்கு ஊதும், நாங்க ஓடிப்போய்ப் பார்ப்போம்" என்பார். நடந்து முடிந்தவை அனைத்தும் எதிர்கால வினையில்! 'வரும்', 'பார்ப்போம்' என்பவை இனி நிகழப்போவதை மட்டுமன்றி, வழக்கமாக நிகழ்ந்ததையும் உணர்த்தும். கதிரவன் கிழக்கே உதிக்கும் என்பதும் அவ்வாறே. மூன்று காலம் என்று தொல்காப்பியம் எண்ணினாலும், கின்று, கிறு என்னும் தனி நிகழ்கால இடைநிலைகள் சங்கப் பாடல்களில் மிக அரியவை. பக்தி இலக்கியத்தில்தான் அவை பல்கின. அதற்கு முன் நிகழ்வும் எதிர்வும் பேரளவில் ஒரே வடிவத்தைப் பகிர்ந்தன. ஆதலின் 'வரும்' என்பதன் அகன்ற பொருள் பிற்காலச் சிதைவன்று, பழஞ்செல்வம். ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வினையின் உருவம் மனிதர் நடத்தையையும் ஆளுமா? எதிர்காலத்தைக் கட்டாயமாகக் குறிக்கும் மொழியினர் குறைவாகச் சேமிக்கின்றனர் எனப் பொருளியலாளர் கீத் சென் 2013இல் எழுதினார். மொழிகளின் உறவுமுறையைக் கணக்கில் கொண்டபோது அத்தொடர்பு உறுதியாக நிற்கவில்லை என 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதன் ஆசிரியர் மூவருள் சென்னும் ஒருவர். தம் முடிவைத் தாமே சோதித்த அச்செயல் போற்றத்தக்கது.

மீண்டும் இரு மொழிகளுக்கு வருவோம். எதிர்மறையில் தமிழும் கால வேறுபாட்டைத் தளர்த்துகிறது. 'உண்டான்', 'உண்கிறான்' இரண்டிற்கும் மறுப்பு 'உண்ணவில்லை' என ஒன்றாகிவிடுகிறது. பழைய 'உண்ணான்' என்னும் வடிவத்திலோ கால இடைநிலையே இல்லை. மலாயோ இவ்விடத்தில்தான் மிகக் கூர்மை கொள்கிறது. மணமாயிற்றா என்று வினவினால், மணமாகாதவர் 'தீடாக்' (இல்லை) என்று வெறுமனே மறுப்பது வழக்கமன்று, 'பெலும்' என்பர். செயல் நிகழவில்லை என்பதும் இனி நிகழ இடமுண்டு என்பதும் அவ்வொரு சொல்லில் அடங்கும். அதே வினாவுக்கு நம்மவர் 'இல்லை' என்பதன் முன் 'இன்னும்' சேர்த்து விடையளிக்கின்றனர்.