கைமாறும் பம்பு

மணாலியிலிருந்து லே போகும் சாலையில், கேலாங்குக்குச் சற்று முன்னால் தாண்டி என்றொரு சிற்றூர். அங்குள்ள பெட்ரோல் பங்க்கில் ஒரு பலகை உண்டு: அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால். பைக்கில் லடாக் போகிறவர்கள் அநேகமாக எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்த கையோடு பக்கத்து வண்டிக்காரரிடம் முதல் கேள்வியும் வந்து விழுந்துவிடும்: “டேங்க் எத்தனை லிட்டர், பாய்?” ஊர், பேர், உத்தியோகமெல்லாம் அப்புறம். பல நேரம் கடைசிவரை யாரும் அவற்றைக் கேட்பதே இல்லை.

2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதிலிருந்து ரோதங் கணவாயில் ஏறி இறங்கும் பாடு மிச்சம். ஆனாலும் பாராலாச்சா லா, நகீ லா, லாச்சுங் லா, டங்லங் லா என்று அடுத்தடுத்து நான்கு கணவாய்கள் காத்திருக்கின்றன. கடைசியாக வரும் டங்லங் லா 5,328 மீட்டர். நம் தொட்டபெட்டாவைப் போல இரண்டு மடங்கு உயரம். நடுவில் நெடுந்தூரத்துக்கு செல்போன் வெறும் கேமராதான். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக் எல்லைக்குள் வேலையே செய்யாது.

அதனால் அங்கே எதிரே வருகிறவர்தான் அன்றைய செய்தித்தாள். பாராலாச்சாவில் பனி விழுகிறதா, எந்த ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கிறது, சர்ச்சுவில் கூடாரம் கிடைக்குமா, எல்லாம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். சேதி கொண்டுபோவதும் அவர்தான். “பின்னாடி ரெண்டு பேர் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டு வர்றாங்க ப்ரோ, பார்த்தா நான் பாங்க் கேம்ப்ல நிக்கறேன்னு சொல்லிடுங்க” என்று சொல்லி அனுப்பினால் சேதி போய்ச் சேர்ந்துவிடும். சொன்னவருக்கும் கேட்டவருக்கும் முகம்கூடத் தெரியாது. ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினால் தெரிகிற அளவுதான் அறிமுகம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எதிரெதிரே கடக்கும் பைக்காரர்கள் இடக்கையைத் தாழ்த்தி இரண்டு விரல் காட்டுவது வழக்கம். அங்கே பெரும்பாலும் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். எதிரே வருகிறவர் இடப்பக்கமாகக் கடப்பார், இடக்கையை நீட்டினால் கண்ணில் படும். நமக்கு அவர் வலப்பக்கம். வலக்கையோ ஆக்சிலேட்டரில். குண்டும் குழியுமான மலைப்பாதையில் அதை எடுக்க முடியாது. அதனால் இங்கே ஒரு தலையசைப்பு, ஒரு லைட் மினுக்கல், தைரியசாலியாக இருந்தால் இடக்கையின் கட்டைவிரல். போதும், ஆள் நம் ஆள் என்று தெரிந்துவிடும்.

இந்த உறவு முற்றுவது தண்ணீரில்தான். ஜிங்ஜிங்பார் தாண்டி பாராலாச்சா ஏறும் வழியில் உருகிய பனி சாலைக்குக் குறுக்கே ஓடும். விடியலில் கணுக்கால் அளவு. வெயில் ஏறினால் முழங்கால். முதலில் வருகிறவர் இறங்கமாட்டார். ஸ்டாண்டு போட்டுவிட்டு நிற்பார். இன்னொருவர் வருவார், அவரும் நிற்பார். மூன்றாவது ஆள் வந்ததும் கூட்டத்துக்குத் துணிச்சல் வந்துவிடும். ஒருவர் பூட்ஸோடு இறங்கி, காலால் துழாவி, பெரிய கல் இல்லாத தடமாகப் பார்த்து நின்றுகொள்வார். “ஃபர்ஸ்ட் கியர், ஆக்சிலேட்டரை விட்டுடாதே!” இதை எந்த மொழியில் கத்தினாலும் எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது. வண்டி சாய்ந்தால் பிடிக்க இரு பக்கமும் ஆள். எல்லா வண்டியும் கரையேறியபின் தண்ணீரில் நின்றவருக்குத்தான் கஷ்டகாலம். பூட்ஸைக் கவிழ்த்து நீரைக் கொட்டி, காலில் பாலிதீன் கவர் சுற்றி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாரோ ஒருவர் பையைக் குடைந்து உலர்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி நீட்டுவார். அதைத் திருப்பி வாங்கிக்கொண்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

வண்டியின் விலைக்கு அங்கே மதிப்பு குறைவு. நூறு சிசி ஸ்ப்ளெண்டரில், ஏன், ஸ்கூட்டரில்கூட வருகிறார்கள். கிட்டத்தட்ட 200 கிலோ புல்லட் சேற்றில் படுத்துவிட்டால் நிமிர்த்த ஊரே வேண்டும். ஸ்ப்ளெண்டரை இரண்டு பேர் தூக்கிவிடலாம். 1950களில் எல்லை ரோந்துக்காக ராணுவத்துக்குப் போன அந்தப் புல்லட் பிறகு நம் திருவொற்றியூரிலேயே தயாரான வண்டி என்பதில் சென்னைக்காரர்களுக்கு ஒரு பெருமை. தமிழ்நாட்டு நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் செக்போஸ்ட்டில் நிற்கும் ஜவான், “எந்த ஊரு தம்பி?” என்று கேட்கிற நிமிடத்தில் அந்தப் பெருமை கண்ணீராகவும் மாறக்கூடும்.

பாங்க் தாண்டியதும் மோரே சமவெளி. 4,700 மீட்டர் உயரத்தில் நாற்பது கிலோமீட்டர் போல நீளும் தட்டையான வெளி. பஞ்சர் கடை கிடையாது. ஸ்போக் வீல் என்றால் பெரும்பாலும் உள்ளே டியூப். பின்சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். ஒருவர் வண்டியைத் தாங்கிப் பிடிக்க, ஒருவர் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் லீவரைக் கொடுத்து நெம்புவார். கழற்றிய நட்டும் வாஷரும் கவிழ்த்துவைத்த ஹெல்மெட்டுக்குள் போகும். டியூப் மாற்றுவது வரை சரி. காற்றடிப்பதில்தான் மலை கணக்குத் தீர்க்கும். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். எப்பேர்ப்பட்ட பயில்வானுக்கும் பத்துப் பதினைந்து அடியில் மூச்சு முட்டும். பம்பு அடுத்த ஆளிடம் போகும். அவரும் இரைத்துக்கொண்டே அதற்கடுத்தவரிடம் கொடுப்பார். நிற்கிற எல்லோர் கையும் பட்டால்தான் ஒரு டயர் நிறையும். நன்றி சொல்லக்கூட மூச்சு இருக்காது. (பெண் ஒருவர் பஞ்சர் பார்க்க உட்கார்ந்தால் மட்டும் உதவிக்கு முன்னால் உபதேசம் வந்துவிடுகிறது. பாதி வேலையை முடித்துவிட்டவருக்கு நான்கு ஆண்கள் செய்முறை விளக்குவது அந்த உயரத்திலும் நடக்கிறது.)

மலைக்குப் போனால் மனிதர்கள் நல்லவர்களாகிவிடுகிறார்கள் என்று இதற்கு ஆன்மிக விளக்கம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே ஆட்கள்தான் ஓட்டுகிறார்கள். ஓரமாக நிற்கும் வண்டியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஏனென்றால் அங்கே போன் எடுக்கும். கீழே மெக்கானிக் இருக்கிறார். லே சாலையில் இன்று உனக்கு அறுந்த கிளட்ச் கேபிள் நாளை எனக்கு அறும். உதவியவரிடமே கடனைத் தீர்க்க வாய்ப்பில்லை, அவர் எதிர்த்திசையில் போய்விட்டார். அடுத்து நிற்பவரிடம்தான் தீர்க்க முடியும். இருபது பைக்கும், பின்னால் மெக்கானிக்கோடு ஒரு வேனும் என்று வரும் பெரிய குழுக்களைப் பாருங்கள். கையசைப்பார்கள், நிற்பது அபூர்வம். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்களுக்கு யாரும் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

நிற்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சாலையிலேயே ஒரு கதை உலவுகிறது. சர்ச்சு தாண்டி வரும் காட்டா லூப்ஸின் இருபத்தோரு வளைவுகளில் எப்போதோ ஒரு லாரி பழுதாகி நின்றதாம். டிரைவர் உதவி தேடிப் போக, காவலுக்கு இருந்த கிளீனர் குளிரிலும் தாகத்திலும் செத்துப்போனானாம். அவன் ஆவி தண்ணீர் கேட்கிறது என்று வருகிறவர்கள் பாட்டில் வைக்கிறார்கள், சிகரெட்டும் வைக்கிறார்கள். நிஜமோ கட்டுக்கதையோ, அங்கே பிளாஸ்டிக் பாட்டில் மேடு மட்டும் நிஜம்.

நம் பைக்காரர்களின் படங்களில் அதிகம் விழாதவர்கள் சிலர் உண்டு. முகத்தில் துணி சுற்றிக்கொண்டு தார் ஊற்றும் ஜார்க்கண்ட், பீகார் தொழிலாளர்கள். 1960இல் தொடங்கிய எல்லைச் சாலைகள் அமைப்பு இவர்களை வைத்துத்தான் மலையைத் திறந்து வைத்திருக்கிறது. பாராசூட் துணிக் கூடாரத்தில் கோடை முழுக்கக் கடை போடும் குடும்பங்கள் இன்னொரு பக்கம். இரவில் அந்தக் கூடாரத்தில் வரிசையாகப் படுக்கை, கனமான ரஜாய். பஞ்சாபிக்கும் மலையாளிக்கும் நடுவில் நீங்கள். நள்ளிரவில் யாருக்காவது தலைவலி மண்டையைப் பிளந்து வாந்தி வந்தால் முதலில் எழுவது கடைக்கார அம்மாதான். பூண்டு சூப் வைத்துக் கொடுத்துவிட்டு, “விடிஞ்சதும் கீழே இறங்கு, மேலே போகாதே” என்று கறாராகச் சொல்வார். அவருக்கு ரைடர் சகோதரத்துவமெல்லாம் தெரியாது. ஒவ்வொரு சீசனிலும் இப்படி எத்தனையோ பிள்ளைகளைப் பார்க்கிறார்.

லே வந்ததும் சிக்னல் வரும், அவரவர் குழு, அவரவர் ஹோட்டல். மணாலியில் வாடகைக்கு எடுத்த பைக்கை லேயிலிருந்து பாங்காங் ஏரிக்கு ஓட்டிப்போக உள்ளூர் வாடகைக்காரர்கள் விடுவதில்லை. அதுவும் அவர்கள் பிழைப்பு. மிஞ்சிய ஜெர்ரிகேனும் பங்ஜி கயிறும் மறுநாள் மணாலிக்குக் கிளம்புகிறவர்களுக்குப் போகும். பிரிகிற நேரத்தில்தான் நம்பர் பரிமாற்றம். பேர் கேட்க இப்போது கூச்சமாக இருக்கும், மூன்று நாள் ஒன்றாக ஓட்டியாகிவிட்டதே! அதனால் போனில் இப்படிப் பதிவாகும்: ‘பாங்க் பஞ்சர் பெங்களூரு’, ‘கிளட்ச் கேபிள் லூதியானா’, ‘சாக்ஸ் அண்ணா’. தீபாவளிக்கு வாழ்த்து வரும்போது, யார் இந்த சாக்ஸ் அண்ணா என்று வீட்டில் கேட்பார்கள்.