மரம் வெட்டிக் காக்கும் புதர்க்காடு

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகருக்குக் குடிநீர் தரும் மலைகளில் ஆட்கள் கோடரியும் ரம்பமுமாக ஏறிப் பைன் மரங்களைச் சாய்க்கிறார்கள். இயற்கைப் பாதுகாப்பு என்ற பெயரில்தான் அந்த வேலை நடக்கிறது. மரம் நடுவதைப் புண்ணியக் கணக்கில் சேர்த்துப் பழகிய நமக்கு இது உறுத்தும். ஆனால் அந்த மண்ணுக்கு உரியது மரமே அல்ல. குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி என்ற மத்தியதரைக்கடல் வகைத் தட்பவெப்பம் உலகில் ஐந்தே வட்டாரங்களில் உண்டு. நிலப்பரப்பில் சுமார் 2 சதவீதமே உள்ள அவற்றில் உலகத் தாவர இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாழ்கிறது. அந்த ஐந்தில் கேப் வட்டாரம் மிகச் சிறியவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டைவிடக் குறைந்த, சுமார் 90,000 சதுர கி.மீ. பரப்பில் ஏறத்தாழ 9,000 வகைத் தாவரங்கள் இருக்கின்றன; மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேறெங்கும் இல்லாதவை. புரோட்டியா, எரிக்கா, நாணல் போன்ற ரெஸ்டியோ என எல்லாம் பெரும்பாலும் ஆள் உயரத்தைத் தாண்டாத செடிகளும் புதர்களும்தான். ஃபின்போஸ் என்று இந்தப் புதர்க்காட்டை அழைக்கிறார்கள்.

வெட்டுவதோடு விஷயம் முடிவதில்லை, எரியவும் வேண்டும். பத்து இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை தீ வராவிட்டால் ஃபின்போஸ் மூப்படைந்து நலியும். புரோட்டியாக்கள் பலவற்றின் விதைகள் இறுகிய கூம்புகளுக்குள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, தாய்ச்செடி கருகிய பிறகே உதிர்கின்றன. வேறு சிலவற்றின் விதையில் எறும்புக்குப் பிடித்த கொழுப்புத் துணுக்கு ஒட்டியிருக்கும். எறும்பு அதைப் புற்றுக்குள் இழுத்துப்போவதால் விதை தீயிலிருந்து தப்புகிறது. இன்னும் சில, நெருப்பே படாமல் புகை பட்டாலே முளைக்கும். வீட்டுத் தோட்டக்காரர்களுக்காகப் புகையேற்றிய தாளையே கிர்ஸ்டன்பாஷ் தாவரவியல் பூங்கா விற்றிருக்கிறது. புகைக்கு இப்படி ஒரு வியாபாரம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்!

மரங்கள்தானே மழையைத் தருகின்றன என்ற கேள்வி எழும். கேப்பின் மழையைக் கொண்டுவருவது குளிர்காலத்தில் அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் குளிர்காற்று முகப்புகள். மலைச்சரிவில் பைன் நின்றாலும் நிற்காவிட்டாலும் அவை வரும். வந்த நீர் எங்கே போகிறது என்பதில்தான் மரத்தின் பங்கு. ஸ்டெல்லன்பாஷ் ஊருக்கு அருகிலுள்ள யோங்கர்ஷூக் பள்ளத்தாக்கில் 1930களிலிருந்து ஓடைநீரை அளந்து வருகிறார்கள். பைன் தோட்டம் வளர வளர ஓடை மெலிந்ததை அந்த அளவீடுகள் காட்டின. உயரமாய், ஆண்டு முழுவதும் பசுமையாய் நிற்கும் மரம், குட்டையான புதரைவிட மிகுதியாக நீரை உறிஞ்சி ஆவியாக்குகிறது. 2018இல் கேப் டவுனின் குழாய்கள் அடைபடும் நாள் குறிக்கப்படும் அளவுக்குப் பஞ்சம் வந்தபோது இந்தக் கணக்கு உறைத்தது. அந்நிய மரங்களால் நகரின் நீர்ப்பிடிப்புப் பகுதிகள் ஆண்டுக்குச் சுமார் 5,500 கோடி லிட்டரை இழப்பதாக மதிப்பிட்டார்கள். கடல்நீரைக் குடிநீராக்குவதைவிட மரம் வெட்டுவது மலிவு என்பதும் தெரிந்தது. காற்றிலுள்ள கரியைப் பைன் பிடித்து வைக்குமே என்பார்கள். உண்மைதான். ஆனால் தீ வந்தே தீரும் நிலத்தில் அந்தச் சேமிப்பு நிலைக்காது. அடர்ந்த பைன் கடும் வெப்பத்தோடு எரிந்து மண்ணையும் அதிலுள்ள விதைகளையும் கெடுத்துவிடுகிறது.

விறகுக்கு இந்த மரங்களை நம்பும் ஏழைகளின் ஆட்சேபம் இதைவிட நியாயமானது. 1995இல் நீர்வள அமைச்சர் காதர் அஸ்மால் தொடங்கிய ‘வொர்க்கிங் ஃபார் வாட்டர்’ திட்டம், வேலையற்றவர்களுக்கே மரம் வெட்டும் கூலியைக் கொடுத்து அதற்கு ஓரளவு பதில் சொன்னது. எனக்குக் கடினமாகத் தோன்றும் ஆட்சேபம் வேறு. ஃபின்போஸை எழுப்பும் அதே தீ அந்நிய வாட்டிலையும் எழுப்புகிறது. நீலகிரியில் சீகை என்று சொல்லப்பட்டு, அங்கும் புல்வெளிகளை விழுங்கிய ஆஸ்திரேலிய மரம்தான் அது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடந்து, சூடு பட்டதும் கூட்டமாய் முளைக்கும். மறுபடி மறுபடி எரித்தும் பயனில்லை. புரோட்டியா பூத்து விதை சேர்க்குமுன் அடுத்த தீ வந்தால் அந்த இனமே அந்தச் சரிவிலிருந்து போய்விடும். ஆகவே எரிந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், நாற்றாக இருக்கும்போதே வாட்டிலைப் பிடுங்க வேண்டும். முதல் வெட்டுக்குக் கிடைக்கும் பணம் இரண்டாம், மூன்றாம் சுற்றுக்குக் கிடைப்பதில்லை. அப்படிக் கைவிடப்பட்ட சரிவுகளில் வாட்டில் முன்பைவிட அடர்த்தியாக எழுகிறது.